எதிர் வீட்டுக் கம்பி ஃபுட்பால்

எனக்கு ஒரே ஒரு அண்ணன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது யாருக்கும் புரியாது. என்னைவிட மூன்று வயது மூத்தவன். காரிமங்கலத்திலிருந்து டவுன் பஸ் போகிற ஒரு ஊரில், பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில், நாங்கள் இருவரும் ஒரு மரப்பலகையில் ஃபுட்பால் விளையாடி வளர்ந்தோம்.

அது இலை நறுக்கும் பலகை. குஞ்சுப் புழுவுக்கு மல்பெரி இலையைப் பொடியாக நறுக்கித்தான் போட வேண்டும். அப்பா பத்து வருடம் அதில் நறுக்கி நறுக்கி, பலகை முழுக்கப் பச்சைக் கறை ஏறிவிட்டது. பிறகு கொஞ்சம் வளர்ந்த புழுவாகவே வெளியில் வாங்க ஆரம்பித்ததால் பலகைக்கு வேலை இல்லாமல் போனது. அண்ணன் அதைத் தூக்கி மேசை மேல் போட்டு, சாக்பீஸால் கோடு கிழித்து, இரண்டு பக்கமும் தீப்பெட்டியை வைத்து கோல் என்றான். ஆளுக்கு ஏழு சோடா மூடி. புளியங்கொட்டைதான் பந்து. கேரம் சுண்டுவதுபோல மூடியைச் சுண்டி, மூடி கொட்டையை இடிக்க வேண்டும். ஒருத்தருக்கு ஒரு சுண்டு. பந்து நம் மூடியில் பட்டால் இன்னொரு சுண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு உட்கார்ந்தால், அம்மா இலை பறிக்கக் கூப்பிடும்வரை அதுதான். அண்ணன் தன் கோல்கீப்பரை மட்டும் சில நேரம் வேண்டுமென்றே சரியாகச் சுண்டாமல் விடுவான். நான் ஜெயிக்க வேண்டும் என்று விடுகிறான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் குதிப்பேன்.

நான் நான்காவது படிக்கும்போது எதிர் வீட்டுக்காரனுக்கு அவன் மாமா பெங்களூரிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். எதிர் வீட்டுக்காரன் அண்ணனுடைய வகுப்பு. பெட்டிக்குள் நிஜ ஃபுட்பால் மைதானம் மாதிரி ஒன்று. பக்கவாட்டில் துளை போட்டு இரும்புக் கம்பிகள், கம்பியில் சிவப்பு ஆட்கள், நீல ஆட்கள். கம்பியைத் திருகினால் ஆட்கள் தலைகீழாகச் சுற்றி, வெள்ளைப் பந்தை டமால் என்று அடிப்பார்கள். சத்தம் எங்கள் வாசல்வரை கேட்கும். அந்தச் சத்தம் கேட்ட முதல் நாளே அண்ணன் கையில் இருந்த சோடா மூடியை வைத்துவிட்டு எழுந்து போனான். என் சுண்டு பாக்கி இருந்தது. “இரு, பாத்துட்டு வந்தர்றேன்” என்றான். வரவே இல்லை.

நானும் போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு, நன்றாக இல்லை என்று சொல்லத்தான் போனேன். சொல்ல முடியவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. எதிர் வீட்டுக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்து, “ரெண்டு பேருதான் ஆட முடியும் பாப்பா, நீ கோல் எண்ணு” என்றான். நல்ல பையன்தான் அவன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் அம்மாவிடம் போட்டுக்கொடுத்திருப்பேன். நான் கோல் எண்ணினேன். அண்ணன் போட்டதை இரண்டிரண்டாக எண்ணினேன். “ஏய், சரியா எண்ணுடி!” என்று என்னைத் திட்டியது அண்ணன்தான்.

அம்மா எதிர் வீட்டுக்காரனை “அண்ணான்னு கூப்புடு” என்று எத்தனையோ தடவை சொன்னாள். நான் கூப்பிடவே மாட்டேன். ஏற்கெனவே ஒருத்தன் இருக்கிறான், அவனையே இவன் பிடுங்கிக்கொண்டு போகிறான், இதில் இவனும் எனக்கு அண்ணனா?

ஒரு மாதம் இப்படியே போனது. வீட்டுக்கு வந்தாலும் அண்ணன் பேச்சு முழுக்க எதிர் வீட்டுக்காரன்தான். சாப்பிடும்போது அவன் சொன்ன ஜோக், படுக்கும்போது அவன் போட்ட கோல். பலகையில் உட்காரச் சொன்னால், “அது சின்னப் பசங்க ஆட்டம்” என்றான். வயிறு எரிந்தது என்பார்களே, எனக்கு உண்மையாகவே வயிற்றில் எரிந்தது. அம்மா சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

இங்கே எங்கள் ஊர்ப் புழுக்காரர்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். புழுவுக்குப் பால் நோய் என்று ஒன்று உண்டு. புழு ஊதி, தோல் வெடித்து, வெள்ளையாக வடியும். ஒரு வீட்டில் வந்தால், போய் வருகிறவர்கள் காலிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும் என்று பயம். அதனால் நோய் வந்த வீட்டோடு அந்தப் பட்டம், அதாவது அந்தத் தடவைப் புழு வளர்ப்பு, முடியும்வரை போக்குவரத்து கிடையாது. ஆனால், “உங்க புழு எப்படி இருக்குது?” என்று யாரும் யாரையும் கேட்கவும் மாட்டார்கள். கேட்டால் கண் வைத்த மாதிரி. அதனால் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவதுதான் மரியாதை. இது ஒன்பது வயதுப் பெண்ணுக்குக்கூடத் தெரியும்.

ஒரு சாயங்காலம் அப்பா புழுவுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் எதிர் வீட்டில். டமால் டமால் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

“அப்பா, எதிர் வூட்டுப் புழு வெள்ளையா வடியுதுப்பா.”

அப்பா கை அப்படியே நின்றது. “நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“எத்தனை இருக்கும்?”

“நெறைய.”

அம்மா வாசலில் இருந்தே, “அதான் ரெண்டு நாளா அவ மூஞ்சியே சரியில்ல” என்றாள். எதிர் வீட்டு அத்தைக்குப் பல்வலி, அதற்கு அம்மாதான் கிராம்பு கொடுத்தாள். அது அந்த நேரம் அம்மாவுக்கு நினைவு வரவில்லை.

அண்ணனைக் காதைப் பிடித்து இழுத்து வந்து, பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கால் கழுவவிட்டு, “அந்த வூட்டுப் பக்கம் தல வச்சுப் படுத்த, தோல உரிச்சுருவேன்” என்றார் அப்பா. நான் தூண் பக்கமாகத் திரும்பிக்கொண்டு சிரித்தேன். மறுநாள் காலையில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா இரண்டு பேரிடம் சொன்னாள், அது போதுமே.

எதிர் வீட்டில் எங்களுக்கு நான்கு நாள் முன்பே புழு இறக்கியிருந்தார்கள். நான் அப்பாவிடம் சொன்ன ஐந்தாம் நாள் அவர்கள் புழு பழுத்தது. பழுத்த புழு இலை தின்னாது, மஞ்சளாகி, தலையைத் தூக்கிக்கொண்டு கூடு கட்ட இடம் தேடும். சில மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் பொறுக்கி, கூடு கட்டுவதற்கென்றே மூங்கிலில் பின்னிய சந்திரிகைத் தட்டில் விட வேண்டும். விடாவிட்டால் எச்சத்திலும் காய்ந்த இலையிலும் கட்டிவிடும், கூடு கறையாகிவிடும், விலை போகாது. ஒரு குடும்பத்தால் ஆகிற வேலை இல்லை. தெருவே போகும். கூலி கிடையாது, இன்றைக்கு நீ, நாளைக்கு நான்.

அன்றைக்கு எதிர் வீட்டு அத்தை தெருவில் நின்று கூப்பிட்டது இப்போதும் கேட்கிறது. “அக்கா, புழு பழுத்துருச்சுக்கா, வாங்கக்கா! ஏங்க, யாராச்சும் வாங்களேன்!” ஒரு கதவும் திறக்கவில்லை. எங்கள் அம்மா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் நினைத்தது அண்ணனை மட்டும்தான், இதை நான் நினைக்கவே இல்லை. சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் எழுந்து போய், “நான் பொய் சொன்னேன்” என்று சொல்லவும் இல்லை.

அண்ணன் திடீரென்று கொல்லைப்பக்கமாக ஓடினான். சுவர் ஏறிக் குதித்து, சுற்றிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய்விட்டான். மத்தியானம்வரை அங்கேயே பொறுக்கினானாம். அப்பா தோட்டத்திலிருந்து வந்து தெரிந்துகொண்டு, அவனை இழுத்துவரப் போனார். தெருவில் சத்தம் கிளம்பியது. எதிர் வீட்டுக்காரனின் அப்பா, “எவன்யா சொன்னது எம்புழுவுக்கு நோயின்னு? வந்து பாருங்கய்யா, ஒத்தப் புழு வடியுதா?” என்று கத்தினார். நான் மல்பெரித் தோட்டத்துக்குள் ஓடி, வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். பொழுது சாய்ந்துதான் திரும்பினேன்.

வீடு அமைதியாக இருந்தது. அண்ணன் கன்னம் சிவந்து வீங்கியிருந்தது. “என்னாச்சுண்ணா?” என்றேன். “ஒன்னுமில்ல, போ” என்றான். நான் அடிக்குத் தயாராகத்தான் நின்றேன். அப்பா என்னைப் பார்த்து, “இனிமே எவன் சொல்லிக்குடுத்தாலும் எங்கிட்ட வந்து ஊதாத” என்றார். அவ்வளவுதான். எவன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

எதிர் வீட்டில் பாதிக்கு மேல் கறைக் கூடு. அதற்கப்புறம் அவர்கள் எங்களோடு பேசவில்லை. அந்தப் பட்டத்தோடு புழுவையும் விட்டுவிட்டு, அடுத்த வருடம் ஓசூருக்கே போய்விட்டார்கள்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த வருடம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல வருடம். அண்ணன் தினமும் சாயங்காலம் என்னோடு பலகைக்கு உட்கார்ந்தான். கேட்காமலே உட்கார்ந்தான். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அவன் சரியாகப் பேசாதது, கோல் போட்டாலும் சிரிக்காதது எல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் எதிரில் உட்கார்ந்திருந்தான், எனக்கு அது போதும்.

போன மாதம் மொரப்பூர் ஸ்டேஷனில் சேலம் போகிற ரயிலுக்காக நின்றிருந்தேன். பக்கத்து பெஞ்சில் இருந்து ஒருத்தர் உற்று உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

“நீ பாப்பாதான?”

முன்வழுக்கை, தொப்பை, ஆனால் அதே சிரிப்பு. எதிர் வீட்டுக்காரன். குடும்பம், வேலை எல்லாம் விசாரித்தான். ஐந்து நிமிடம் ஆகியும் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே, “அண்ணன் கோயம்புத்தூர்ல இருக்காரு” என்றேன்.

அவன் முகம் மாறியது. “இருக்கட்டும். அவன் பண்ணதுக்கு நீ என்ன பண்ணுவ? ஆட்டத்துல தோத்த கடுப்புல, எங்க புழுவுக்கு நோயின்னு கட்டிவுட்டான். தங்கச்சிக்கும் அவனேதான் சொல்லிக்குடுத்தானாம். நடுத்தெருவுல எங்கப்பா முன்னால நின்னு அவனே ஒத்துக்கிட்டான். உங்கப்பா வுட்ட அறையில கீழ வுழுந்தான். காலையில இருந்து எங்ககூட நின்னு பொறுக்கிட்டு, அதச் சொல்றான் பாரு. அதான் என்னால தாங்க முடியல.”

அப்பா சொன்ன ‘எவன்’ யார் என்று இருபத்தைந்து வருடம் கழித்துத் தெரிந்தது. என் பொறாமையை அண்ணன் தன் பேரில் எழுதிக்கொண்டிருக்கிறான். எதிர் வீட்டுக்காரனைவிட்டு என்னிடம் வந்தான் என்று நான் குதித்தேனே, அவனுக்குப் போக வேறு இடமே இல்லை.

ரயில் வருகிற அறிவிப்பு கேட்டது. பேசாமல் ஏறிவிட்டிருக்கலாம். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலை டிபன் முடித்ததும் எனக்குப் போன் செய்வான். அரை மணி நேரம் ஊர்க்கதை. அவனுக்குச் சின்ன வயதுச் சிநேகிதன் என்று வேறு யாரும் இல்லை. நான் மட்டும்தான். வாயைத் திறந்தால் அதுவும் போகும் என்று அந்த நிமிடத்திலும் கணக்குப் போட்டேன். இப்படியும் ஒரு ஜென்மம்!

“அவன் சொல்லல” என்றேன். “நாந்தான் சொன்னேன். அவன் சொல்லியும் குடுக்கல.”

“ஏம் பாப்பா?”

“அவன் உங்க வூட்டுலயே கெடந்தான்ல.”

திட்டுவான் என்று நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவன் நம்பர் குடு” என்றான். கடைசி எண்ணை மாற்றிச் சொல்ல நாக்கு துடித்தது. இந்த வயதில், பிள்ளை பெற்றவளுக்கு! சரியாகத்தான் சொன்னேன். “வரேண்ணா” என்று முதல்முறையாக அவனை அண்ணா என்றும் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. நானே போட்டேன். வேறொரு அழைப்பில் இருப்பதாக ஒரு பெண் சொன்னாள். கால் மணி கழித்தும் அதே பெண். பதினோரு மணிக்கு அண்ணனே கூப்பிட்டான்.

“ஏய், அவன்கிட்டச் சொல்லிட்டியாமே!”

அழுதிருப்பான் போல, சிரிக்கவும் சிரித்தான். “அன்னைக்கே தெரியுமா உனக்கு?” என்றேன். “நீ பொய் சொன்னா தெரியாதா? உன்ன அடிச்சுப்போட்டிருப்பாரு அப்பா” என்றவன், நான் அடுத்ததைச் சொல்வதற்குள், “அது கெடக்குது வுடு. அடுத்த ஞாயித்துக்கெழம அவன் குடும்பத்தோட இங்க வர்றான். காலையிலயே வந்துருவானாம். நீ சாயங்காலமா பேசு, என்ன?” என்றான்.

பன்னிரண்டு வயதில் எதிர் வீட்டிலிருந்து வரும்போது இருந்த குரல் அது. அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட என்னிடம் அந்தக் குரலில் அவன் பேசியதில்லை.

“சரிண்ணா” என்றேன். வயிறு எரிந்தது.