முனியய்யா கோயிலில் கோழி டாக்கோ

எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கமாரி அதிகம் பேச மாட்டாள். எம்.ரெட்டியபட்டிக் காடுகளில் பருத்தி எடுத்தும் மக்காச்சோளக் கதிர் ஒடித்தும்தான் மகள் முனீஸ்வரியைப் படிக்க வைத்தாள். அந்தப் பிள்ளை இப்போது சென்னைப் பக்கம் ஒரு கொரியாக்காரர் கம்பெனியில் வேலை பார்க்கிறது.

போன மார்கழியில் டெங்குக் காய்ச்சலோடு வந்து படுத்தது. காய்ச்சல் இறங்கினால் சேவல் அறுக்கிறேன் என்று தங்கமாரி முனியய்யாவுக்கு நேர்ந்துகொண்டாள். காய்ச்சல் இறங்கியது. வாய்க்குத்தான் ருசி திரும்பவில்லை. கஞ்சி குடித்தாலும் குமட்டியது. இப்படியே சாப்பிடாமல் கிடந்தால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒருநாள் செல்போனைப் பார்த்துக்கொண்டே, தோழிகளோடு சாப்பிட்ட கோழி டாக்கோ கிடைத்தால் சாப்பிடுவேன் என்றது பிள்ளை. கொரியா மசாலாவில் புரட்டிய கறியை ரொட்டியில் மடித்துத் தருவார்களாம். ரொட்டி என்ன மாவு என்று தங்கமாரி கேட்டாள். மக்காச்சோளமாம். கோழித் தீவனத்துக்கு லோடு லோடாக நாம் ஏற்றி விடுவதுதானே என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நேர்ந்த சேவல் கறியிலேயே செய்துவிடலாம் என்று முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் கூட நின்றேன். பச்சைத் தண்ணீரில் பிசைந்த மாவு மடித்தால் விண்டது. வெந்நீர் ஊற்றிப் பிசைந்ததும் சொன்னபடி கேட்டது. ஊறவைத்த மிளகாய் வற்றலும் பூண்டும் அரைத்து, வெல்லப்பாகும் சோயா சாஸும் கலந்து சாந்தாக்கினாள். முட்டைக்கோசை நறுக்கி எலுமிச்சை பிழிந்து வைத்தோம். பிள்ளையைப் படுக்கச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனோம்.

சேவலை அறுத்துக் கறியைச் சட்டியில் போட்டதும் தங்கமாரி தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பூசாரி பொன்ராஜ் மறித்தார்.

"எங்க தூக்கிட்டுப் போற? அய்யா கறி எல்லையத் தாண்டுமா?"

பிறந்ததிலிருந்து தெரிந்த வழக்கம். அங்கேயே ஆக்கி அங்கேயே தின்றுவிட்டுத்தான் எல்லோரும் வருவோம். மகள் நினைப்பில் அவளுக்கும் மறந்துபோனது, எனக்கும் மறந்துபோனது. சட்டியோடு அப்படியே நின்றாள்.

"அப்ப எம்புள்ள?"

"புள்ளைய இங்க கொண்டாங்க. அய்யா பேரத்தான வச்சிருக்கு, வரட்டும்."

அவள் வீட்டுக்காரர் ஜெயபாண்டி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். போன் போட்டதும் தலையணை வைத்துப் பிள்ளையைப் படுக்க வைத்து, தோசைக்கல்லும் மாவும் சாந்தும் முட்டைக்கோசுமாக அழைத்து வந்தார். மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினோம். முரட்டுச் சேவல், வேக நேரமெடுத்தது. வெந்த கறியை நல்லெண்ணெயில் வறுத்துச் சாந்தைப் போட்டுப் புரட்டி, எள்ளைத் தூவினாள். அந்த வாசத்துக்கு ஆட்டோவுக்குள் பிள்ளை எழுந்து உட்கார்ந்தது.

முதல் ரொட்டியை மடித்து அய்யா முன்னால் இலையில் வைத்தாள்.

"இதெல்லாம் அய்யா சாப்பிடுவாரா?" என்று பூசாரி சிரித்தார்.

"எம்மகளுக்கு எறங்குனா அவுகளுக்கும் எறங்கும்."

அடுத்தது பிள்ளை கைக்குப் போனது. கடித்து வெகுநேரம் மென்றது. நாங்கள் அதன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கிவிட்டுச் சொன்னது:

"காரம் பத்தலம்மா."

தங்கமாரி சாந்துக் கிண்ணத்தை மகள் பக்கம் நகர்த்திவிட்டு, சாமி பக்கம் திரும்பிக் கும்பிட்டபடி நின்றாள். அன்று எல்லையைத் தாண்ட ஒரு துண்டு கறி மிஞ்சவில்லை.

முனீஸ்வரி வேலைக்குத் திரும்பிவிட்டது. தங்கமாரி வீட்டில் இன்னொரு சேவல் குஞ்சு வளர்கிறது. இது என்ன வேண்டுதலுக்கு என்று கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கலக்கா," என்றாள். "சும்மா குடுக்கத்தான்."