யாரோ பெற்ற பிள்ளை

போன சனிக்கிழமை என் வெள்ளைப் புடவையில் ஒரு கை பதிந்தது. ஐந்து விரலும் தெளிவாக. ரத்தச் சிவப்பில்.

பயப்படாதீர்கள்... குச்சி ஐஸ்தான்!

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் மூன்று வயசு மதிக்கத்தக்க ஒரு சின்னப் பெண். கையில் ஐஸ். அது உருகி முழங்கை வரை ஒழுகிக்கொண்டிருந்தது. குழந்தை என்ன செய்யும்? துடைக்க இடம் தேடியது. முதலில் ஒரு காலேஜ் பெண்ணின் தாவணி. அடுத்து ஜன்னல் கம்பி. மூன்றாவதாக நான்.

"யாரு குழந்தைம்மா இது?" என்று அந்தக் காலேஜ் பெண் நாலு பக்கமும் பார்த்துக் கேட்டாள்.

ஓரத்து ஸீட்டில் ஒரு பெண் ஏதோ வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். கேள்வி வந்ததும் அந்தப் பத்திரிகை இரண்டு அங்குலம் மேலே போனது.

எனக்குப் புரிந்துவிட்டது. அவள்தான் அம்மா.

அட்டையைப் பார்த்தேன். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கிறீர்களே... இதே பத்திரிகைதான்!

பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் என் காதில், "பார்த்தீங்களா, எவ்வளவு அழுத்தம்! நாலு வார்த்தை கேளுங்க" என்றார். எனக்கும் நாக்கு துடித்தது. ஆனால் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு உண்டா? பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ரயிலில், இதே லேடீஸ் பெட்டியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ஒருத்தி. அவள் கதையை இன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

அவள் நான்தான்.

அப்போது என் கடைசிப் பெண் மேபலுக்கு நாலு வயது. சைதாப்பேட்டையில் ஒரு சபையின் மாதர் கூட்டம். அதில் பேசும்படி எங்கள் போதகரின் மனைவி என்னைக் கேட்டுக்கொண்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மேடை ஏறியதே இல்லை. ஆனாலும் ஆண்டவர் காட்டிய வேலை என்று ஒத்துக்கொண்டேன். ஒரு வாரம் உட்கார்ந்து, பெரியவன் நோட்டில் தாள் கிழித்து, ஆறு பக்கம் எழுதினேன்.

என்ன தலைப்பு தெரியுமா? "பிள்ளை வளர்ப்பில் தாயின் பொறுப்பு".

சிரிக்காதீர்கள். இன்னும் இருக்கிறது.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் மேபலையும் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டியில் ஏறியதும் அவள் கையை உதறிக்கொண்டு மறு கோடியில் இருந்த ஜன்னலுக்கு ஓடிவிட்டாள். சரி, கண்ணுக்கு எட்டிய தூரம்தானே என்று இந்தக் கோடியிலேயே உட்கார்ந்தேன். எதிரே கஞ்சி போட்ட புடவையில் இரண்டு பெண்மணிகள். மடியில் பாட்டுப் புத்தகம். பேச்சுக் கொடுத்தால்... அவர்களும் அதே கூட்டத்துக்குத்தான் போகிறார்கள்!

"இன்னிக்குப் பேசறவங்க நீங்கதானா? ரொம்ப சந்தோஷம்ங்க" என்றார் மூத்தவர். "எந்த விஷயமா பேசப் போறீங்க?"

"பிள்ளை வளர்ப்புங்க" என்றேன். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்ததை மறைப்பானேன்?

"இந்தக் காலத்துக்கு ரொம்ப அவசியம்" என்றார் மற்றவர்.

அப்போதுதான் மறு கோடியில் சத்தம் கேட்டது.

வண்டி சானடோரியத்தை விட்டுப் புறப்பட்டிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாளின் கொண்டையில் மேபல் வேர்க்கடலைத் தோலை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் விழித்து, தலையைத் தடவிப் பார்த்து, "யாரு பிள்ளை இது?" என்றார்.

எழுந்து போயிருக்க வேண்டும். எழுந்தால் எதிரே இருக்கிற இருவருக்கும் தெரிந்துபோகும். பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசப் போகிறவளின் பிள்ளை இது என்று! கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒன்று.

குரோம்பேட்டை வந்தது. நடுக் கதவோரம், காதுக்கு எட்டும் தூரத்தில், ஒரு கீரைக்கார அம்மாள் இரண்டு பெரிய கூடைகளோடு உட்கார்ந்திருந்தாள். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தை, அதற்குப் போகிறவள். மேபல் அங்கே போய்க் குந்தினாள். கூடைக்குள் கை போயிற்று. கீரைக் கட்டுகளின் வாழைநாரை அவிழ்ப்பதில் என்ன ஆனந்தமோ தெரியவில்லை, ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தரையில் பரப்பினாள்.

"அய்ய, இன்னா கொயந்தமா இது! பெத்தவ எங்க ஒக்காந்துகினுகீறா? கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?"

பெட்டி முழுக்கக் கேட்டது. எனக்குக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தோல் பதனிடும் தொழிற்சாலையின் சுவரை, வாழ்நாளில் பார்க்காததைப் போல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு.

எதிரே இருந்த மூத்தவர் பெருமூச்சு விட்டார். "பாருங்களேன். யார் பெத்த பிள்ளையோ! தட்டிக் கேட்க ஆள் இல்லை. இதைப் பத்தியும் நீங்க இன்னிக்குப் பேசணும்."

நான் சொன்னேன்:

"ஆமாங்க... யாரோ!"

அதுவும் எப்படி? மேபல் திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நிமிஷத்தில்.

மூன்று.

சேவல் கூவுவதற்குள் ஒரு சீஷன் ஆண்டவரை 'தெரியாது' என்று மூன்று தடவை மறுதலித்த கதை, வேதம் வாசிக்கிறவளுக்குத் தெரிய வேண்டாமா? சேவல் கூவவில்லை. ரயில்தான் ஊதியது.

பல்லாவரத்தில் வண்டி நின்றதைக்கூட நான் சரியாகக் கவனிக்கவில்லை. அந்தப் பக்கம் பார்க்கப் பயந்து, ஆறு பக்கத்தையும் எடுத்து அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். வண்டி மறுபடி நகர்ந்தபோது தற்செயலாக ஜன்னல் வழியே பிளாட்பாரம் தெரிந்தது. கீரைக்கார அம்மாள் நின்றிருந்தாள். காலடியில் கூடைகள். இடுப்பில்... என் மேபல்.

"ஐயோ, என் பிள்ளை!"

எப்படிக் கத்தினேனோ, பெட்டியே எழுந்துவிட்டது.

"உங்க பிள்ளையா?" என்று கேட்ட அந்த மூத்தவரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அபாயச் சங்கிலிக்கு எம்பினேன். நான் குள்ளம், எட்டவில்லை. யாரோ ஒரு பெண் ஸீட்டின் மேல் ஏறினாள். அதற்குள் வண்டியே மெதுவாகி மீனம்பாக்கத்தில் நின்றுவிட்டது. ஒரே ஓட்டமாக எதிர் பிளாட்பாரத்துக்குப் போனேன். தாம்பரம் போகும் வண்டி வர எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. ஜெபம் பண்ணக்கூட வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, அவ என் பிள்ளை... ஆண்டவரே, அவ என் பிள்ளை" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். யாரிடம் சொல்ல வேண்டியதை யாரிடம் சொன்னேன் பாருங்கள்!

பல்லாவரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் இருந்தார்கள். கீரைக்கார அம்மாள் பெஞ்சில் உட்காராமல் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே கூடை. மேபல் குனிந்து குனிந்து சிதறிய கீரையை எடுத்துக் கொடுக்க, அவள் நார் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பாய்ந்து போய்ப் பிள்ளையைத் தூக்கப் போனேன். அவள் கை குறுக்கே வந்தது.

"நில்லுமா. நீ யாரு?"

"என் பிள்ளைம்மா இது. நான் இவளோட அம்மா."

"அம்மாவா? நானு அந்தக் கத்து கத்துனேனே, அப்ப எங்க இருந்த?"

"அதே பெட்டியிலதாம்மா..."

"அதே பொட்டிலயா? அப்ப வாய்ல இன்னா, கொயக்கட்டையா? கொயந்தய கேட்டேன், 'ஒங்கம்மா வண்டில கீறாளா கண்ணு'ன்னு. இது எங்கியோ பாத்துகினு 'இல்ல'ன்னு தலய ஆட்ச்சி. யாரோ பாவி வண்டில வுட்டுட்டுப் பூட்டான்னு நெனச்சிதான் எறக்கினேன். இப்ப நீ வந்து அம்மான்னா நம்பணுமா?"

ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்தார். "இரும்மா கன்னியம்மா, குழந்தையையே கேட்டுடுவோம்" என்றவர் குனிந்து, "பாப்பா, இவங்க யாரும்மா?" என்று கேட்டார்.

மேபல் என்னைப் பார்த்தாள். கையில் ஒரு பிடி அரைக்கீரை. முகத்தில் கோபமில்லை, அழுகையும் இல்லை.

"யாரோ" என்றாள்.

அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நல்ல புடவை, கைப்பை, ஆறு பக்கம்... எதுவும் ஞாபகமில்லை. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"என் பிள்ளைதான். அந்த அம்மா கொண்டையில தோலைச் செருகினது என் பிள்ளை. உங்க கீரையைக் கொட்டினது என் பிள்ளை. நான்தான் பெத்தேன். அவமானத்துக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டிருந்தேன். தப்பு அவளோடது இல்லம்மா, என்னோடது. என்னை மன்னிச்சுக்கோங்க."

கன்னியம்மா கையிலிருந்த கட்டைக் கூடையில் வைத்துவிட்டு, "இத்த வண்டிலயே சொல்லியிருந்தா நானு இந்நேரம் சந்தையில கடை போட்டிருப்பேன்ல?" என்றாள். குரலில் சூடு இறங்கியிருந்தது. "கொயந்தன்னா கொட்டத்தான் கொட்டும். அதுக்கு ஏம்மா பெத்தவ ஒளிஞ்சிக்கணும்?"

இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த மேபல், கீரையை ஒழுங்காகக் கூடையில் வைத்துவிட்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நான் கொட்டினதை நானே எடுத்து வெச்சேன்" என்றாள். ஏதோ பரிசு வாங்கிய மாதிரி!

"ஆமா, நாந்தான் சொன்னேன்" என்றாள் கன்னியம்மா. "அழுதுகினு நின்ச்சி. அடிக்கல. 'நீ கொட்டினத நீயே எட்து வையி கண்ணு'ன்னேன். வச்சிட்ச்சி. நல்ல கொயந்தமா. நீதான் பாக்கறதில்ல."

நீதான் பாக்கறதில்ல! ஆறு பக்கம் எழுதினேனே, அதில் இந்த ஒரு வரி இருந்ததா?

நான் ஒரு அடி அடித்ததில்லை, ஒரு அதட்டல் போட்டதில்லை, அதுதான் அன்பு என்று நாலு வருஷம் நினைத்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருத்தி அரை மணி நேரத்தில், சந்தை வியாபாரத்தையும் விட்டுவிட்டு, என் பிள்ளைக்கு ஒரு நல்ல பழக்கத்தைக் கொடுத்திருக்கிறாள். பிள்ளையையும் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். வேறு யார் கையிலாவது சிக்கியிருந்தால்?

கிளம்பும்போது கன்னியம்மா மேபல் கையில் இரண்டு கட்டுக் கீரையைத் திணித்தாள். ஈரக் கீரை, எதில் சுற்றுவது? கைப்பையில் காகிதம் இருந்ததே... ஆறு பக்கம்! நன்றாகச் சுற்ற வந்தது. நான் எழுதியது உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

கூட்டத்துக்குப் போகவில்லை. நேரே வீடு. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் அடுப்பில் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, கூட்டத்துல சால்வை போடலியா? கீரையா போட்டாங்க?" என்றார். நடந்ததைச் சொன்னேன். சிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மேபலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, நெடுநேரம் இறக்கவே இல்லை.

அன்று முதல் ராத்திரி ஜெபத்தில் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லும்போது கன்னியம்மாவின் பெயரையும் சொல்லி நன்றி செலுத்துகிறேன். நெற்றி நிறையக் குங்குமம் வைத்தவள்தான். அதனாலென்ன? அன்றைக்குப் பல்லாவரத்தில் யாரை இறக்கிவிட வேண்டும் என்று ஆண்டவருக்குத் தெரியாதா?

இப்போது சொல்லுங்கள். பொது இடத்தில் பிள்ளை பண்ணுகிற அட்டகாசத்தைப் பார்க்காத மாதிரி இருக்கிற தாய் தகப்பன்களை, அழுத்தக்காரர்கள் என்கிறோம், அலட்சியம் என்கிறோம். எல்லாரையும் அப்படிச் சொல்லிவிட முடியுமா? பாதிப் பேர் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று அந்த நாலு பேரையே பார்த்துக்கொண்டிருந்தால், பிள்ளையை எப்போது பார்ப்பது?

அதனால் போன சனிக்கிழமை என்ன செய்தேன் என்றால், என் கைக்குட்டையை அந்தக் குழந்தையிடம் கொடுத்தேன். "நீ பூசினதை நீயே துடைச்சிடு கண்ணு" என்றேன். நாக்கைத் துருத்திக்கொண்டு என்ன அக்கறையாகத் துடைத்தது தெரியுமா! கறை இன்னும் பெரிதாகிவிட்டது, அது வேறு விஷயம்.

ஓரத்து ஸீட்டில் பத்திரிகை மெதுவாகக் கீழே இறங்கியது. "மன்னிச்சுக்கோங்க மாமி..." என்று அந்தப் பெண் எழுந்து வந்தாள். கண் கலங்கியிருந்தது. "என் குழந்தைதான்."

"அது போதும்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

மேபலுக்கு இப்போது பதினேழு வயது. இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்றதும் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, காலேஜ்ல எல்லாரும் படிப்பாங்கம்மா. என் பேரைப் போடாதீங்க. யாரோ ஒரு பிள்ளைன்னு எழுதிடுங்க" என்று கெஞ்சினாள்.

மாட்டேன். ஒரு தடவை சொன்னது போதும்!