நாலு ஓம்தான், முசே

போன வெள்ளிக்கிழமை சாரத்து அம்மன் கோயிலில், அலகு குத்தும் செடல் திருவிழாவில், நட்ட நடுவில் மைக் செட்டை அணைத்துவிட்டு நின்றவன் நான்தான். யார் யாரோ என்னென்னவோ சொல்கிறார்களாம். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

வாரம் ஒருமுறை இந்தப் பத்தியில் உங்களோடு அரட்டை. மற்ற நாளெல்லாம் மைக் செட்தான் என் பிழைப்பு. இருப்பது ஒரே ஆம்ப்ளிஃபயர். அதன் முதுகில் மூன்று திருகாணிகள் — 4, 8, 16. அது சத்தத்தின் அளவு அல்ல. வெளியே கட்டியிருக்கும் ஒலிபெருக்கிக் குழாய்கள் எல்லாம் சேர்ந்து மின்தடை எத்தனை ஓமோ, அந்தத் திருகாணியில் ஒயரை மாட்ட வேண்டும். தப்பினால் வால்வு சிவக்கும், டிரான்ஸ்பார்மர் கருகும். அப்புறம் எனக்குச் சோறு ஏது?

என் குழாய் ஒவ்வொன்றும் பதினாறு ஓம். ஆனால் பக்கம் பக்கமாகச் சேர்க்கச் சேர்க்க மொத்தம் குறையும். காலையில் இரண்டு கட்டினேன், எட்டு. மதியம், "எங்க தெருவுக்கு இல்லியா?" என்று மேலும் இரண்டு தெருக்காரர்கள் வந்து நின்றார்கள். திருவிழா என்றால் வழக்கம்தானே... இன்னும் இரண்டு கட்டி, ஒயரை நாலுக்கு மாற்றினேன்.

அதைப் பார்த்துவிட்டார் கமிட்டித் தலைவர். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர். ஊரே அவரை முசே — பிரெஞ்சில் ஐயா — என்றுதான் கூப்பிடும்.

"என்னாய்யா, குழாயக் கூட்டிட்டு நம்பரக் கொறைக்கிற? குழாய் மேலயே பதினாறுன்னு போட்டிருக்கு. பதினாறுல வை. நான் சைகோன்ல பாக்காத மைக் செட்டா?"

"பாத்திருப்பீங்க முசே. இத நான் பாத்துக்கறேன்."

சாப்பிடப் போனேன். இரண்டு கவளம் இறங்கவில்லை, பாட்டு கரகரத்தது. ஓடி வந்து பார்த்தால் ஒயர் பதினாறில். வால்வுக்குள் தகடு செக்கச்செவேல். முசே கையில் என் திருப்புளி. வந்த ஆத்திரத்தில் மெயினைப் பிடுங்கிவிட்டேன்.

அம்மன் புறப்படும் நேரம். கூட்டம் கூச்சல் போட்டது.

"போடுறியா, இல்லியா?" என்றார் முசே.

"நாலுக்கு மாத்திட்டுதான் போடுவேன்."

"அப்படியே போடு. இல்லாட்டி அடுத்த வருஷம் நீ இந்தப் பக்கமே வர முடியாது."

"வரல முசே. இந்த வருஷம் நாலுதான்."

திருப்புளியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் நின்றவன் நகரவில்லை. கடைசியில் பூசாரிதான், "எதையோ மாத்திப் போடுப்பா... அம்மன் காத்துக்கினு இருக்கா" என்றார். மாற்றினேன். நாலு தெருவிலும் கணீரென்று கேட்டது. முசே மட்டும் காது கேட்காதவர் போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய மனிதர்களுக்கு ஏனோ சின்ன நம்பரே பிடிப்பதில்லை. தலைவர் சொன்னால் ஓம் கூடக் கைகட்டி நிற்கும் என்று நினைப்பு. பிரெஞ்சுக் கொடியையே இறக்கிவிட்டோம். இந்த நினைப்பை எப்போது இறக்குவது?

மறுநாளே ஆள் அனுப்பிவிட்டார் — அடுத்த வருஷம் வேறு செட்டாம். தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். இத்தனை வருஷம் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாலேயே உட்கார்ந்து, ஒரு செடலிலும் அம்மன் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. அடுத்த வருஷம் ஆடிச் செடலுக்குக் கையை வீசிக்கொண்டு போய் முன்வரிசையில் நிற்பேன் — முசேவுக்குப் பக்கத்திலேயே.