முப்பது டிகிரி, ஏழாயிரத்து அறுநூற்று எண்பது

அந்த வருஷங்களில் நான் டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன். இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கிச் சலித்துப்போன அப்பா, "கம்ப்யூட்டர்ல வேலை" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கம்ப்யூட்டருக்கும் அதில் செருகும் கார்டுக்கும் நடுவில் நின்று இரண்டையும் பேசவைக்கிற புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர்.

எங்கள் கம்பெனி கே.கே. நகரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது. மொத்தமே ஆறு பேர். நூற்பாலைக்குள் வெப்பத்தையும் காற்றில் உள்ள ஈரத்தையும் அளக்கும் கார்டு ஒன்றைச் செய்து விற்றோம். ஈரம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பதால் மில்காரர்கள் அந்த எண்களை மணிக்கொருமுறை பார்ப்பார்கள்.

ஒருநாள் காலையில் முதலாளி உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"மில்லுல இனிமே பிசி வேணாம்ங்குறாங்கம்மா. பஞ்சுத் தூசில வாரத்துக்கு ஒண்ணு படுத்துருது. நம்ம கார்டு இந்த போர்டுலதான் ஓடணும்."

"இதுல ப்ராசஸர் வேற சார்."

"வேறன்னா என்ன? திரும்ப ஒருக்கா கம்பைல் பண்ணு. அரை நாள் வேலை."

அந்த அரை நாள் ஏழு வாரம் ஆனது.

எழுதியதைப் புது ப்ராசஸருக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றுகிற அந்தக் கம்பைல் வேலை முதல் நாளே முடிந்தது, உண்மைதான். ஓடவும் செய்தது. திரையில் வெப்பம் 7680 டிகிரி என்று வந்தது. ஈரம் 15360 சதவீதம். அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்க, ஏழாயிரம் டிகிரியில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று நாள் பிடித்தது. எங்கள் கார்டு ஒவ்வொரு எண்ணையும் இரண்டு துண்டாக அனுப்பும். பிசி சின்னத் துண்டு முதலில் வரும் என்று நினைத்துப் படிக்கும். புது ப்ராசஸர் பெரிய துண்டு முதலில் என்று நினைத்தது. பன்னிரண்டை இருபத்தொன்று என்று வாசிக்கிற மாதிரி. முப்பது, ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது அப்படித்தான்.

ஒரு இடத்தில் மட்டும் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்றால் நான் ஏன் புலம்பப்போகிறேன்? அந்த டிரைவரில் கார்டைத் தொடுகிற இடம் நூற்றுக்குமேல் இருந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

அதை எழுதியவர் எனக்கு அடுத்த மேசையில்தான் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வீட்டம்மாவிடம் போனில் சௌராஷ்டிர மொழியில் அவ்வளவு மென்மையாகப் பேசுவார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பும்போது அந்தக் குரல் போய்விடும்.

"அண்ணே, கார்டைப் படிக்கிறதுக்கு ஒரே ஒரு ஃபங்ஷன் வச்சு, எல்லாம் அது வழியா போற மாதிரி எழுதியிருக்கலாம்ல?"

"எதுக்கு? நாலு வருஷமா எம்புட்டு மில்லுல ஓடுது! நான் எழுதுன கோடுல தப்பு இல்ல. உன் போர்டுலதான் தப்பு."

"போர்டு என்னுது இல்லண்ணே."

"அப்ப வாங்குனவர்கிட்ட கேளு."

வாங்கினவரைக் கேட்டேன். "இன்னுமா முடியல?" என்றார்.

எரிச்சலில் நானே உட்கார்ந்தேன். நூற்றுச் சொச்சம் இடங்களிலும் ஒரு வரி சேர்த்தேன்: பிசி இல்லையென்றால் திருப்பு. எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் அண்ணனை மனசுக்குள் திட்டினேன். சில நாள் வாய்விட்டே திட்டியிருப்பேன் போலிருக்கிறது, ஏனென்றால் அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பத்து நாள் ஒரு வார்த்தை கிடையாது. மின்விசிறியை ஒருவர் கூட்டுவதும் ஒருவர் குறைப்பதுமாகப் போனது.

ஒருவழியாக எண்கள் சரியாக வந்தன. திருமங்கலம் தாண்டி இருந்த மில்லுக்கு பஸ்ஸில் போர்டை மடியில் வைத்துக்கொண்டு போய்ப் பொருத்திவிட்டு வந்தேன். திருநகர் ஸ்டாப்பில் வீட்டுக்கு இறங்கும்போது ராஜகுமாரி மாதிரி இருந்தது எனக்கு.

மறுவாரமே முதலாளி இன்னொரு போர்டோடு வந்தார். முன்னதைவிடச் சின்னது. "அது கிடைக்க மாட்டேங்குதாம். இனி இதுதான்."

மூன்றாவது வகை ப்ராசஸர். கம்பைல் செய்தேன். 7680 டிகிரி.

என்னால் நம்பவே முடியவில்லை. எல்லா இடத்திலும்தான் திருப்பியாயிற்றே! இரண்டு நாள் கார்டைச் சந்தேகப்பட்டேன், கம்பைலரைச் சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் அந்தப் போர்டின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படித்தேன். இந்த ப்ராசஸர் பிசியைப் போலவே சின்னத் துண்டைத்தான் முதலில் எடுக்கிறது. இதற்குத் திருப்பவே வேண்டாம். நான்தான் "பிசி இல்லையென்றால்" என்று நூற்றுச் சொச்சம் இடத்தில் எழுதி வைத்திருந்தேன். உலகத்தில் இரண்டே வகை ப்ராசஸர்தான் இருக்கிறது என்று அண்ணன் கூட நினைத்ததில்லை. அவர் ஒன்றுதான் என்று நினைத்தார். நான் இரண்டு என்று நினைத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

வேறு வழியில்லாமல் அவர் மேசைக்குப் போய் நின்றேன்.

"அண்ணே, தப்பு என்னுது."

கண்ணாடியை ஏற்றிவிட்டு நான் எழுதியதைப் பார்த்தார். திரையை மேலிருந்து கடைசிவரை உருட்டினார். சிரிப்பார் என்று பயந்தேன்.

"இம்புட்டு எடத்துலயா கையால போட்ட?"

"ஆமாண்ணே."

"கை வலிச்சிருக்குமே," என்றார். கிண்டலா அக்கறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. நீ சொன்னியே, ஒரே ஃபங்ஷன்னு. அதையே எழுதுவோம்."

ஆறு நாள் எழுதினோம். கார்டைத் தொடுகிற வேலை முழுவதையும் ஒரு சின்ன ஃபைலுக்குள் கொண்டுவந்தோம். துண்டுகளை எந்த வரிசையில் எடுப்பது என்று அந்த ஒரு இடம் மட்டும் ப்ராசஸரைப் பார்த்து முடிவு செய்யும். மற்ற எந்த வரிக்கும் ப்ராசஸரின் பெயரே தெரியாது. அவர் எழுதிய பழைய வரிகளை அவரே அழித்தார். ஒவ்வொன்றையும் அழிக்கும்போது, "இது அப்ப ஓடுச்சு தெரியுமா" என்று சொல்லிவிட்டுத்தான் அழித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

மூன்று வகை மெஷினிலும் ஒரே புரோகிராம் ஓடியது. மூன்றிலும் முப்பது டிகிரி.

புது போர்டைப் பொருத்த இருவருமாக மில்லுக்குப் போனோம். சூப்பர்வைசர் திரையைப் பார்த்தார். 34 டிகிரி, ஈரம் 58. பிறகு தூணில் தொங்கிக்கொண்டிருந்த தெர்மாமீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"முப்பத்திநாலுதான் மேடம். சரியாத்தான் காட்டுது," என்றார். "ஆனா இந்த எழுத்து ஏன் பச்சையா இருக்கு? போன தடவ வெள்ளையா இருந்துச்சே. அதுவே நல்லா இருந்துச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் என் முழங்கையைத் தொட்டார்.

"மாத்திருவோம்ண்ணே," என்றார் அவரிடம். "அரை நாள் வேலைகூட இல்ல."