சங்கு ஆறும்வரை கடல் இல்லை

கத்தாருக்கு வேலைக்குப் போகிற தோழியோடு சேர்ந்து டாட்டூ குத்திக்கொள்வது நல்ல யோசனைதான். அதை அவள் கிளம்புகிற வாரத்தில் செய்தோம் பாருங்கள், அதுதான் வடிகட்டின முட்டாள்தனம்.

அவள் ஆலந்தலைக்காரி, மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. நான் தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டை. எங்கள் வீட்டில் கடை உண்டு, கடல் கிடையாது. கல்லூரியில் ஒரே பெஞ்ச். சனிக்கிழமையானால் அவள் ஊருக்கு பஸ் ஏறிவிடுவேன், கடலில் குளிக்க. எனக்கு நீச்சல் சுட்டுப்போட்டாலும் வராது. என் வலது மணிக்கட்டைப் பிடித்து அவள்தான் இழுத்துக்கொண்டு போவாள். அலை வரும்போது “குதிளா” என்பாள், குதிப்பேன். அந்தப் பிடி இருந்தால் கழுத்தளவுத் தண்ணீருக்கும் போவேன். இல்லையென்றால் கணுக்கால் நனைவதோடு சரி.

அதனால்தான் டாட்டூவையும் அந்த மணிக்கட்டிலேயே குத்தினேன். ஒரு சின்னச் சங்கு. அவளுக்கும் அதே சங்கு, என்னைப் பிடிக்கிற கையில். தூத்துக்குடியில் குத்திவிட்ட அண்ணன் படத்தைப் பார்த்ததுமே, “சங்கா? வீட்ல பாத்தா உங்களுக்கு ஊதிருவாங்களே,” என்றார். முடித்தபின் பாடம் நடத்தினார். சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவ வேண்டும். ஒத்தி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கிரீம் லேசாகத்தான். அரிக்கும், உரியும், கை வைக்கவே கூடாது.

“பொறவு, மூணு வாரத்துக்குக் கடல்ல இறங்கிராதீங்க.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர்கள் வீட்டில் யார் தூரப் பயணம் போனாலும் அன்று காலை கடலில் ஒரு முங்கு போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். விசா வந்த நாளிலிருந்தே அந்த முங்கை நாங்கள் சேர்ந்து போடுவதாகப் பேச்சு.

“இத முன்னாலயே சொல்லிருக்கலாம்லா அண்ணே?” என்றாள்.

“நீங்க கேக்கலயேம்மா.”

அவள் அம்மாவுக்கு இதெல்லாம் விளங்கவே இல்லை. அந்த ஊரில் தூண்டில் முள் ஏறினாலும், பாறை கிழித்தாலும் முதல் மருந்து கடல்தான். “புண்ணுன்னா உப்புத் தண்ணில காட்டணும். துட்டு குடுத்து புண்ணாக்கிட்டு வந்து, கடலு ஆவாதாம்லா,” என்று சிரித்தார்.

கிளம்புகிற அன்று அவள் மட்டும் இறங்கினாள். மணிக்கட்டில் பாலித்தீன் பையைச் சுற்றி, வகுப்பில் டவுட் கேட்கிற மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு. நான் துண்டோடு மணலில் நின்றேன்.

“வாளா, மத்த கையப் புடிச்சுக்கிடுதேன்.”

“ஒண்ணும் வேண்டாம். சீழ் வச்சா அங்கன போயி யாரு பாப்பா? சீக்கிரம் ஏறு.”

“வந்துட்டா, பெரிய டாக்டரு.”

முங்கினாள். கை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். சீழாவது ஒன்றாவது.

அவள் போனபிறகு எங்களுக்கு டாட்டூதான் பேச்சு. தினமும் காலையில் கழுவியதும் வீடியோ கால். ஹோட்டல் டூட்டிக்கு ஓடுகிற அவசரத்திலும் மணிக்கட்டைக் கேமராவில் காட்டுவாள். அங்கே ஏசியில் அவளுக்குச் சீக்கிரம் உரிந்தது. இங்கே வீட்டுக்குத் தெரியாமல் முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்து, வேர்வையில் எனக்கு அரித்துக் கொன்றது.

“பிய்க்காதளா.”

“பிய்க்கல. அதுவா வருது.”

“பொய் சொல்லாத. நகத்தக் காட்டு.”

நகத்தைக் காட்டுவேன். திட்டுவாள். அந்தத் திட்டுக்காகவே கொஞ்சம் பிய்க்கலாமா என்றுகூட இருக்கும். மீன் செதில் மாதிரி கறுப்புத் தோல் உதிர உதிர, உள்ளே சங்கு தெளிவாகிக்கொண்டே வந்தது. வீடியோ கால்தான் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. எனக்கு ஆறிவிட்டதா என்று அவள் கேட்கிற நாளை நினைத்தாலே பயமாக இருந்தது. அதற்குப்பிறகு எதைக் காட்டிக் கூப்பிடுவது?

மூன்று வாரம் முடிந்த சனிக்கிழமை சும்மா இருக்க முடியவில்லை, ஆலந்தலைக்கு பஸ் ஏறிவிட்டேன். அவள் அம்மாதான் என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, “வா பிள்ள, நான் புடிச்சுக்கிடுதேன்,” என்று கையை நீட்டினார். கொடுத்தேன். சரியாக அதே இடத்தில் பிடித்தார். அலை வந்தது. குதிக்கச் சொல்ல ஆளில்லை. கால் நகரவே மாட்டேன் என்றது.

“இன்னும் ஆறல அத்தை,” என்றேன்.

அவர் என் மணிக்கட்டை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். சங்கின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு தடவை தேய்த்தார். புதுத்தோல், வழவழவென்று இருந்தது. ஒரு இடத்திலும் எரியவில்லை.

“ஆமா, ஆறல,” என்றார். “கெடக்கட்டும். அவ லீவுக்கு வாரப்ப ஆறிரும்.”

ஆனால் கையை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.