சித்தப்பாவின் ரத்தம்

பொது சுகாதார ஆய்வகத்தின் மாடியில் கடைசி அறை அப்பாவுடையது. பால்வினை நோய்களுக்கான ரத்தப் பரிசோதனை அங்கேதான் நடந்தது. குழாய்களில் எண் மட்டுமே ஒட்டியிருக்கும். பெயர் கீழே மருத்துவரோடு நின்றுவிடும். ஊர் அதை நம்பவில்லை. அப்பாவைக் கண்டதும் பாதிப்பேர் எதிர்ப்பக்கம் போனார்கள். மீதிப்பேர் தேவைக்கு மேல் சிரித்தார்கள். முடிதிருத்துபவர் மட்டும் வெட்கப்படாமல், யாருக்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டார். அப்பா கடையை மாற்றினார்.

அம்மா இறந்து, மகளும் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு, அந்த வீட்டுக்கு வந்துபோனது சித்தப்பா ஒருவர்தான். லிப்ட் பழுதுபார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, அண்ணன் சமையலைத் திட்டிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிடுவார்.

"உன் வீட்டுல தண்ணி குடிக்கவே ஊர் பயப்படுது. துணிஞ்சவன் நான் ஒருத்தன். அதுக்காகவாவது இன்னொரு முட்டை வை."

வாரத்தில் அப்பா சிரித்தது அந்த ஒரு வேளை.

ஒருநாள் சித்தப்பா ஆய்வகத்துக்கே வந்தார். கதவைச் சாத்திவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வேலைக்குப் போன ஊரில் ஒரு தப்பு நடந்துவிட்டது. அப்புறம் ஒரு புண் வந்து தானாக ஆறியிருக்கிறது. சித்திக்கு ஆறாம் மாதம். அவளுக்குத் தொடக்கத்திலேயே ரத்தம் பார்த்துச் சுத்தம் என்று சொல்லியாயிற்று. இனி யாரும் அவளைச் சோதிக்கப் போவதில்லை.

கீழே அனுப்பி எண் வாங்கச் சொல்லியிருக்க வேண்டும். அப்பா தானே ரத்தம் எடுத்தார். ரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீரில் ஒரு சொட்டை அட்டையின் வட்டத்தில் விட்டு, கரித்துகள் கலந்த கரைசலைச் சேர்த்து, சுழலும் தட்டில் வைத்தார். மேகநோய் இருந்தால் கரி கட்டிகட்டியாகத் திரளும். திரளவில்லை. சாம்பல் நிறத்தில் பரவிக் கிடந்தது.

"ஒண்ணுமில்லடா. போய் நிம்மதியா வேலையைப் பாரு."

சித்தப்பா அண்ணன் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார்.

அட்டையை எறியும்போதுதான் அப்பா அதை விளக்கருகே சாய்த்துப் பார்த்தார். விளிம்பில் லேசான சொரசொரப்பு. நோய்க்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பொருள் ரத்தத்தில் அளவுக்கு மீறி இருந்தாலும் கரி திரளாது. உப்புநீர் விட்டு நீர்க்க வைத்தால்தான் வெளிப்படும். சொரசொரப்பு தெரிந்தால் நீர்த்துப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. வேறு யாருடைய ரத்தமாக இருந்தாலும் அப்பா சொல்லியிருக்க மாட்டார்.

நீர்த்தார். கரி திரண்டது. மேலும் மேலும் நீர்த்தார். நூற்றிருபத்தெட்டு மடங்கு வரை திரண்டது.

நாற்காலியில் உட்கார்ந்தார். வாயை மூடிக்கொண்டால் ஞாயிறு சித்தப்பா வருவார், முட்டை கேட்பார். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதும் அப்பாவுக்குத் தெரியும்.

அன்றே சித்தப்பா வேலை செய்த கட்டடத்துக்குப் போனார். லிப்ட் குழியிலிருந்து கிரீஸ் கையோடு சிரித்தபடி ஏறி வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"இல்லன்னியே."

"அவசரப்பட்டுட்டேன். தப்பு என்னோடது. ரெண்டு பேரும் நாளைக்கே ஊசி போட்டுக்கணும். அவகிட்ட நீதான் சொல்லணும்."

சித்தப்பா பழந்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணன்னு நம்பி உன்கிட்ட வந்தேன்."

"அதான்டா தப்பாப் பாத்தேன்."

சித்தப்பா குழிக்குள் இறங்கிவிட்டார்.

இருவரும் ஊசி போட்டுக்கொண்டதையும், பெண் குழந்தை குறையில்லாமல் பிறந்ததையும் பிரசவ வார்டு செவிலியர் சொல்லித்தான் அப்பா கேள்விப்பட்டார். ஞாயிறுகளில் கதவைத் தட்ட ஆளில்லை. கொஞ்சநாள் இரண்டு பேருக்குச் சமைத்தார். பிறகு அதையும் விட்டார்.

சிகிச்சை முடிந்தவர்களின் ரத்தம் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி வரும், பழைய அளவைக் குறித்துக்கொண்டு. ஒரு குழாயில் நூற்றிருபத்தெட்டு என்றிருந்தது. யாருடையது என்று கேட்கக்கூடாது, அப்பா கேட்கவில்லை. முப்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. அடுத்த முறை எட்டு. அது வரவேண்டிய வாரங்களில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

இரண்டாம் வருடம் கரி திரளவில்லை. விளக்கருகே சாய்த்துப் பார்த்தார், வழவழப்பாக இருந்தது. நீர்த்தும் பார்த்தார். ஒன்றுமில்லை.

குணமாகிவிட்டது. இனி அந்தக் குழாயும் வராது.