கயிறு பிடிப்பவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்

போன கிழமை எங்கள் வீட்டுக் குசினியில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. பழுதுபார்க்க வந்தவர் பைப் ஒட்டுகிற கம் டப்பாவைத் திறந்ததும் வீடு முழுக்க அதன் நெடி. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். நான் மட்டும் மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இதே நெடி வீசும் கயிறொன்றில் ஒரு காலத்தில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் சொன்னால் இன்னும் ஒரு மாதிரிப் பார்த்திருப்பார்.

அது பாறை ஏறுகிற நீலக் கயிறு. அக்குறணையில் குளியலறைச் சாமான் கடை வைத்திருந்த ரிஸ்வானுடையது. கிழமை முழுக்கக் கடையின் பின்னறையில், பைப்புகளுக்கும் கம் டப்பாக்களுக்கும் நடுவே சுருண்டு கிடக்கும். ஞாயிறு வந்தால் எங்களோடு பன்வில பஸ் ஏறும். இப்படிப்பட்ட கயிற்றை கம் மாதிரி மருந்து நெடி படும் இடத்தில் வைத்தால் அதன் பலம் போய்விடுமாம். இதை நான் ஒரு வீடியோவில் பார்த்தது, நாங்கள் ஏறுவதையெல்லாம் நிறுத்திப் பல காலம் கழித்து. நல்லவேளை, கயிறு அந்த வீடியோவைப் பார்த்திருக்கவில்லை.

எனக்குக் கண்டி நகரத்தில் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை. எப்போது எது தலையில் விழும் என்று யாருக்குத் தெரியும் என்று வருகிற போகிறவர்களையெல்லாம் பயமுறுத்துவதற்குத்தான் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை விழப்போவது நான்தான் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்வதில்லை. பன்வில தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மாவுக்கு இது பிடிபடவேயில்லை.

"காலமெல்லாம் நானும்தான் மல ஏறுனேன். பேரு போட்டாங்க. ஒனக்கு யாருடா பேரு போடுறா?" என்பார். தோட்டத்தில் பேர் போடுவது என்றால் அன்றைய நாட்சம்பளத்துக்குப் பதிவது. சும்மா ஏறி சும்மா இறங்குகிறவனை அம்மாவின் அகராதியில் எந்தச் சொல்லில் அடக்குவது? ஒரு சொல் வைத்திருந்தார். அதை இங்கே எழுத முடியாது.

நாங்கள் சேர்ந்த கதையைக் கேளுங்கள். மலை ஏறும் ஆசை உள்ளவர்களுக்கென்று கைபேசியில் ஒரு குழு இருந்தது. அதில் காலை வணக்கமும் பூப்படமும்தான் ஏறிக்கொண்டே இருக்கும், மலை யாரும் ஏறமாட்டார்கள். உண்மையாகவே புறப்பட்டு வந்தவர்கள் மூன்றே பேர். நான், ரிஸ்வான், யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்திருந்த அரசாங்க உத்தியோகத்தர் குகதாசன். குகதாசனுக்கு எங்களைவிட வயது கூட. கழுத்தில் விசில் வேறு. கழுத்தில் விசில் தொங்குகிறவர் விஷயம் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று நானும் ரிஸ்வானும் நம்பினோம். கயிறு கொண்டுவந்தவனுக்குத் தெரியும் என்று குகதாசன் நம்பினார். என் காலில் இருந்த புதுச் சப்பாத்தைப் பார்த்து இருவரும் என்னை நம்பியிருக்கிறார்கள். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மரியாதையில்லை அல்லவா?

தேயிலை மலைக்கு மேலே இருந்த பாறையின் அடிக்கு வந்ததும் குகதாசன் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "சரி தம்பிமார், இப்ப என்ன செய்யவேணும்?" என்றார்.

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்த்தார். புத்தியுள்ளவர்கள் அப்போதே அடுத்த பஸ்ஸில் திரும்பியிருப்பார்கள். ஆனால், வேலை வெட்டி உள்ள மூன்று ஆண்பிள்ளைகள் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒருவர் முன் ஒருவர் ஒப்புக்கொள்வதா? சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று வீடியோ பார்த்து முடிச்சுப் போட்டோம். பின்பக்க ஒற்றையடிப் பாதையால் உச்சிக்குப் போய், அங்கிருந்த மரத்தில் கயிற்றை மாட்டி இரண்டு பக்கமும் கீழே விட்டோம். ஒரு நுனி ஏறுகிறவன் இடுப்பில். மற்றது கீழே நிற்பவன் கையில்.

முதலில் நான் ஏறினேன். பாதி உயரத்தில் முழங்கால் தையல் மெஷின் மாதிரி ஆட, குனிந்து பார்த்தேன். ரிஸ்வான் ஒரு கையில் கயிறும் மறு கையில் பாதி தின்ற பெட்டிஸுமாக நின்றுகொண்டிருந்தான். என்னைவிட அந்தப் பெட்டிஸைத்தான் அவன் கவனமாகப் பிடித்திருந்தான்.

அன்று பிறந்ததுதான் எங்கள் சட்டம். கயிறு பிடிப்பவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எதைப் பற்றியும் பேசலாம், ஆனால் நிறுத்தக்கூடாது. பேசுகிற வாய் தின்னாது, தூங்காது. பேச்சு நின்றால் ஏறுகிறவன் ஓரடிகூட மேலே வைக்கக்கூடாது, இறங்கிவிட வேண்டும். உலகத்தில் வேறெங்காவது இப்படி ஏறுகிறார்களோ தெரியாது. வேறெங்கும் பெட்டிஸ் இப்படி ருசியாக இருக்காது.

ரிஸ்வான் பிடித்தால் பேச்செல்லாம் கடைக் கதை. "ஒரு மனிசன் மூணு மாசமா கொமட் பாக்க வார மச்சான். ஒவ்வொண்டுலயும் குந்திக் குந்திப் பாக்கிற, எடுக்கிறல்ல" என்பான். அக்குறணையில் எந்த வீட்டுக் குளியலறையில் என்ன நிற மாபிள் என்று எனக்குத் தெரியவந்தது இப்படித்தான். குகதாசன் பிடித்தால் இடமாற்றச் சுற்றறிக்கை, பதவி உயர்வு, ஓய்வூதியம். மரண பயத்தைவிட அது கொடுமை என்பதால் கிடுகிடுவென்று ஏறிவிடுவோம். கிண்டலை விட்டுச் சொல்கிறேன், கீழே ஒரு குரல் எனக்காக ஓயாமல் உளறிக்கொண்டிருக்க, விரல் நுனியில் பாறையைப் பிடித்து நின்ற அந்த ஞாயிறுகளில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

ஆனால் தேத்தண்ணி என்று ஒன்று இருக்கிறதே. சுற்றிவரத் தேயிலைச் செடி, நடுவில் மூன்று இலங்கையர்கள், சுடச்சுட ஊற்றிக் குடிக்காமல் இருக்க முடியுமா? பிளாஸ்க்கில் கொண்டுவருவது குகதாசனுக்குப் பிடிக்காது. "ஆறின தேத்தண்ணி குடிக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று ஒரு நாள் பாறையடி மரத்தின் கீழ் கல் கூட்டி நெருப்பு மூட்டினார். மரத்தில் குளவிக் கூடு இருந்ததை அவர் பார்க்கவில்லை. புகை போய்ப் பார்த்தது.

நான் அப்போது மேலே இருந்தேன். கீழே ரிஸ்வான், மாமியாருக்காகக் குளியல் தொட்டி கேட்டு வந்த ஒருவரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "மாமிய கூட்டிட்டு வந்து தொட்டிக்குள்ள படுக்கப் போட்டு அளந்து பாத்தாரு மச்சான், அப்ப அந்த மாமி..." என்றவன் அதோடு நிறுத்திவிட்டான்.

"என்னடா, மாமி என்ன சொன்னா?" என்று கேட்டேன். பதில் இல்லை. "ரிஸ்வான்!" சத்தமில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியாத இடம். மறுபடியும் பெட்டிஸ்தான் என்று நினைத்து, அவன் பரம்பரைக்கே கேட்கிற மாதிரித் திட்டினேன். சட்டப்படி இறங்கத் தொடங்கினேன். பயத்தில் கால் வழுக்கியது. கை விட்டுப்போனது. அந்தரத்தில் விழுந்த அந்த நொடியில், கீழே எவனும் இல்லை என்றே நினைத்தேன்.

கயிறு இறுகி என்னைப் பிடித்தது. பிறகு மெல்ல மெல்ல, ஒரு குலுக்கலும் இல்லாமல், என்னைக் கீழே இறக்கியது.

விசிலும் குகதாசனும் தேயிலைக்குள் எங்கோ தூரத்தில் ஊதிக்கொண்டிருந்தார்கள். ரிஸ்வான் நின்ற இடத்தில் நின்றிருந்தான். ஒரு கண் மூடிவிட்டது. உதடு வீங்கி பேக்கரிப் பணிஸ் மாதிரி. முகத்தில் இன்னும் இரண்டு குளவிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. இரண்டு கையும் கயிற்றில். என் கால் தரையில் பட்ட பிறகுதான் கையை விட்டு அவற்றைத் தட்டினான். இருவரும் ஓடினோம்.

"கத்தித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றேன் மூச்சு வாங்க.

"வாயத் தொறந்தா உள்ளுக்குப் போயிரும்" என்றான் வீங்கிய வாயால். "கயித்தப் புடிச்சிட்டுத்தானே ஈந்தன்."

நான் அழுதேன். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். அவன் நம்பவில்லை.

பிறகு இறக்குமதியெல்லாம் நின்ற காலத்தில் கடை படுத்துவிட்டது. ரிஸ்வான் கட்டாருக்கு வேலைக்குப் போனான். குகதாசன் கனடாவில் மகனோடு இருக்கிறார், அங்கே பனியில் நெருப்பு மூட்டுகிறாரோ என்னவோ. எங்கள் பாறையைச் சுற்றி ஒரு ஹோட்டல்காரர் வேலி போட்டிருக்கிறார். டிக்கெட் எடுத்தால் பாறைக்கு முன்னால் நின்று படம் பிடிக்கலாம், தொடக்கூடாது. கயிறு என்னிடம்தான். மனைவி அதில் உடுப்புக் காயப்போடுகிறாள். கம் நெடி போய் சோப்பு மணக்கிறது. பைப் ஒட்டிய அன்று ரிஸ்வானுக்குச் செய்தி அனுப்பினேன், அந்த மாமி கடைசியில் என்ன சொன்னா என்று. ஒரு கட்டைவிரல் படம் வந்தது. இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் அதுதான் வரும்.

இந்தச் சனிக்கிழமை மகள் என்னை நகரத்தில் புதிதாகத் திறந்த இடத்துக்கு இழுத்துப் போனாள். ஏசி போட்ட மண்டபம். பிளாஸ்டிக் பாறை. வெட்கத்தை விட்டு நானும் ஏறினேன். என் இடுப்பில் பட்டியை மாட்டிவிட்ட, அங்கு வேலை செய்யும் பிள்ளையிடம், "கயிறு யார் புடிக்கிறது?" என்று கேட்டேன்.

"யாரும் தேவயில்ல அங்கிள். மெஷின் புடிச்சுக்கும்."

மெஷின் நன்றாகத்தான் பிடித்தது. அது பெட்டிஸ் தின்னாது, குளவி கொட்டினாலும் வீங்காது. பாதி உயரத்தில் முழங்கால் ஆடத் தொடங்கியபோது காதைக் கொடுத்துக் கேட்டேன். கீழே ஒரு சத்தமும் இல்லை.

எங்கள் சட்டம் தெரியுமல்லவா? இறங்கிவிட்டேன்.